பழைய பிளேயரும் எங்கள் பிளாக் கோலாட்டமும்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு துணிப்பையோடு நெய்வேலிக்கு வந்து, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாக மண் வாரி, பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் வாங்கி, கடைசியில் பண்ருட்டிக் கடையில் என் கண்ணெதிரே பாகம் பாகமாகப் பூட்டவைத்து ஒரு கம்ப்யூட்டரும் வாங்கினேன். எங்கள் வரிசையில் முதல் கம்ப்யூட்டர் அதுதான். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

அதற்கு முழுநேர வேலை, என் மனைவிக்குப் பாட்டு வைப்பது. அவள் எங்கள் பிளாக் பெண்களின் கோலாட்டக் குழுவுக்குத் தலைவி. குழுவில் ஐம்பது வயதுக்குக் கீழே ஒருத்தியும் இல்லை. முந்தின ஆண்டு பொங்கல் விழாவில் பாட்டு ஓடிய வேகத்துக்கு இவர்களுடைய முட்டி ஓடவில்லை. பாதியில் ஒரு கோல் பறந்துபோய் முன்வரிசைக்காரரின் டீ டம்ளரைக் கவிழ்த்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்து பிளாக்கிலும் ஒரு குழு உண்டு. அதன் தலைவி வேலை மெனக்கெட்டு வந்து, "அடுத்த வருஷம் நாற்காலி போட்டுக் குடுக்கறேங்க்கா, உக்காந்துகினே ஆடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சொல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. சோறு போடும்போதும் அதே பேச்சு. இந்த முறை பாட்டு முடிகிறவரை ஓர் அடி தப்பாமல் ஆடிக் காட்ட வேண்டும். என் மனைவிக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை.

வழி கண்டுபிடித்தவன் நான். கம்ப்யூட்டரில் பாட்டு ஓடுகிற பிளேயரின் அடியில் ஒரு கோடு இருந்தது, அதன்மேல் ஒரு பொத்தான். இடப்பக்கம் தள்ளினால் பாட்டு மெதுவாகும், பாடுகிறவள் குரல் கெடாது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானே தள்ளித் தள்ளிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அன்றிலிருந்து தினமும் எங்கள் கூடத்தில் கோல் சத்தம்தான்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் பெண்கள் எல்லாரும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பாட்டு மட்டும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பிளேயரின் முகமே மாறிப்போயிருந்தது. கன்னங்கரேல் என்று பளபளப்பு. கோட்டையும் காணோம், பொத்தானையும் காணோம்.

"இன்னா பண்ண இத?" என்றேன்.

"நான் இன்னா பண்ணேன்? புதுசு வந்திருக்குது, போடட்டுமான்னு கேட்டுதாம். பக்கத்து வூட்டக்கா படிச்சி சொன்னாங்க. சரின்னு அமுக்கினேன்."

"அது கேட்டா உடனே சரின்னுடறதா?"

"டெய்லி கேட்டுகினே இருக்குதுங்க. பாவமா இருந்துச்சு."

பக்கத்து வீட்டம்மா சும்மா இருக்கவில்லை. "வூட்டுக்காரரு இன்னொரு டீ கேட்டா இல்லன்ற, கம்ப்யூட்டரு கேட்டா மட்டும் உடனே சரியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை.

"பழையபடி ஆவுமா ஆவாதா? அத மட்டும் சொல்லுங்க."

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டோடு வாழ்ந்தவன் நான். புதிதாகப் போட்ட உருளை கத்தினால் அதைக் கழற்றிப் பழையதைப் பூட்டுவோம். அதனால் பழையதை எறியமாட்டோம். கடைக்காரர் கொடுத்த பிளேயர் சிடியை அதே புத்தியில் பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்திருந்தேன். எடுத்துப் போட்டேன். உள்ளே புதியவன் உட்கார்ந்திருப்பதால் முடியாது என்றது கம்ப்யூட்டர். நியாயம்தானே? ஒரே சீட்டில் இரண்டு பேர் உட்கார முடியுமா? புதியவனை முதலில் எழுப்பி அனுப்பினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, மறுபடி சிடியைக் கொடுத்தேன். பழைய முகம் வந்தது. பின்னாலேயே ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. புதுசு இருக்கிறது, போடட்டுமா என்று!

என் மனைவியின் கை மவுஸை நோக்கிப் போனது.

"கைய எடு!" என்று கத்தி, சுவரிலிருந்து நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, இல்லை என்ற பொத்தானை நானே அமுக்கினேன்.

அதோடு விடவில்லை. பெல்ட்டில் கை வைப்பதற்கு முன்னால் சுவிட்சில் ஒரு சிவப்பு போர்டு மாட்டுவோம். மாட்டியவன்தான் எடுக்க வேண்டும். எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் அதைத் தொடமாட்டார். உள்ளே இருப்பவனின் உயிர் அந்த போர்டில் தொங்குகிறது. புடவைப் பெட்டி மூடியில் பூந்தொட்டிக்கு வாங்கிய செங்காவியைப் பூசி, 'ஆள் வேலையில் இருக்கிறார், தொடாதே' என்று எழுதிக் கயிறு கட்டி மானிட்டரில் மாட்டினேன்.

ஆனால் பொத்தான் இப்போது கோட்டின் நடுவில், பாட்டின் சொந்த வேகத்தில் நின்றது. முன்பு எங்கே நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. அவள் கோலை எடுத்துக்கொண்டு ஆடினாள், நான் தள்ளினேன்.

"இன்னும் கொறைங்க... ஐய, தூங்கிடுவேன்... ஏத்துங்க... ஆங், அங்கியே, அங்கியே!"

அவள் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த இடத்தில் மானிட்டர் கண்ணாடிமேல் ஒட்டினேன். இனிமேல் தப்புமா?

தப்பியது. விழா அன்று காலை பாட்டைப் பென் டிரைவில் ஏற்றி, ராஜா மாதிரி மேடைக்குப் போய் மைக் செட்காரரிடம் கொடுத்தேன். அவருடைய பெட்டியில் அது பழைய ஓட்டமே ஓடியது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத என் படிப்பு போதாது. அப்புறம்தான் உறைத்தது. பெல்ட்டின் வேகம் அதன்மேல் போகிற நிலக்கரியிலா இருக்கிறது? மோட்டாரில் அல்லவா இருக்கிறது! மெதுவு பிளேயரில் இருந்தது, பாட்டில் இல்லை.

ஆகவே சாயங்காலம் மோட்டாரையே கொண்டுபோனோம். மொபெட்டின் முன்னால் கம்ப்யூட்டர் பெட்டி, பின்னால் பட்டுப்புடவையில் அவள், அவள் மடியில் மானிட்டர். வழியெல்லாம், "இன்னாங்க, பொண்ணு மாப்பிள்ள ஊர்வலமா?" என்று கேட்டார்கள்.

மேடையோரம் எல்லாவற்றையும் பூட்டி போர்டையும் மாட்டினேன். ஆட்டம் தொடங்கும்வரை வேறு பாட்டுப் போடலாம் என்று மைக் செட்காரர் கம்ப்யூட்டர் பக்கம் கை நீட்டினார். அவரும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். போர்டைப் பார்த்ததும் கை தானாகப் பின்னால் போனது.

"யார் மாட்டினது?"

"நான்தான்."

"அப்ப நீங்களே எடுங்கண்ணே" என்று ஒதுங்கிக்கொண்டார்.

ஆடினார்கள். பொட்டுக்கு நேராகப் பொத்தான் நிற்க, முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை ஒரு கோல் தப்பவில்லை. கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கூட்டம் கத்தியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் எதிர் பிளாக் தலைவி, "நல்லா இருந்துச்சுக்கா! பாட்டுக்குத்தான் ஒடம்பு சரியில்லியோ?" என்றாள்.

என் மனைவி நேராக என்னிடம் வந்தாள்.

"நடுவுக்குத் தள்ளுங்க."

"முட்டி?"

"முட்டி என்னுது."

நான் போர்டைக் காட்டினேன். அவள் அதைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். பொட்டைத் தாண்டிக் கோட்டின் நடுவரை பொத்தானைத் தானே தள்ளிவிட்டு மேடைக்கு ஓடினாள்.

அடி தப்பியது. ஒருத்தி பாதியில் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே, தப்பிய அடியைப் பிடித்துக்கொண்டே, கடைசிவரை முழு வேகத்தில் ஆடி முடித்தார்கள். இறங்கியவள் மூச்சிரைக்க எதிர் பிளாக் தலைவியிடம் போய் நின்றாள்.

"போன வருஷம் நாற்காலி போடறன்னியே, இப்ப போடு."

அவள் எழுந்து தன் நாற்காலியையே கொடுத்தாள். இவள் அதில் ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

சுரங்கத்தில் நான் மாட்டிய போர்டை வேறொருவர் எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. எடுத்தவள் இவள் ஒருத்திதான். மேலிடத்தில் சொல்லலாம் என்றால், வீட்டில் மேலிடமும் அவளேதான். போதாததற்கு, மானிட்டரை மடியில் வைத்துக்கொள்ளத் திரும்பிப் போகும்போதும் அவள் வேண்டுமே.