மச்சு வீட்டு ஃபேன்

எழுபதுகளின் தொடக்கம். மாரண்டஹள்ளியில் ஒரு மச்சு வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மச்சு வீடு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக் கூரைக்கு அடியில் புளி மூட்டை போட்டு வைத்திருந்த இடத்துக்கு ஒரு ஜன்னல் வைத்து, வெளியே படிக்கட்டு கட்டி, அறை என்று பெயர் சூட்டியிருந்தார்கள். நிமிர்ந்தால் என் கணவருக்குத் தலை இடிக்கும். அவர் ஓசூர் பஸ்ஸில் கண்டக்டர். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அதனால் அந்த இடியும் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டோடு நின்றுவிடும்.

கீழே வீட்டுக்காரர்கள். நாற்பதை ஒட்டிய தம்பதி, கத்தோலிக்கர்கள். தக்காளியும் ராகியும் போடும் சின்னக் காடு ஒன்று இருந்தது. விடிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் காட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களை அக்கா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அக்கா சிரித்த முகம். அண்ணன் கறார்ப் பேர்வழி.

இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். பல்புக்கு இவ்வளவு என்று வாடகையோடு சேர்த்துக் கொடுத்துவிடுவது அப்போது எங்கள் பக்கத்து வழக்கம். குடிவந்த அன்றே அண்ணன் சொல்லிவிட்டார்: "ஒரு பல்புதாங்க. ஃபேனு, இஸ்திரிப் பெட்டி எதுவும் ஆவாதுங்க." சாயங்காலமானால் மீட்டர் எதிரே நின்று, உள்ளே சுற்றும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மனுஷன் மீட்டருக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுகிறார் என்று என் கணவரிடம் கேலி செய்வேன். கல்யாணத்துக்கு என் கூடப்பிறந்த அண்ணன் வாங்கிக் கொடுத்த டேபிள் ஃபேன் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு மூலையில் கிடந்தது.

மாசி மாதத்தில் எனக்குக் குழந்தை பிறந்தது, எட்டாம் மாதத்திலேயே. கையில் எடுத்தால் கனமே தெரியாது. எனக்கு அம்மா இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மச்சுக்குத்தான் வந்தேன். நாற்பது நாள் தீட்டு என்பதால் இன்னொருவர் வீட்டுப் படி ஏறக் கூடாது, பிள்ளையை வெளியே எடுக்கவும் கூடாது. அந்த வருடம் வெயில் முன்கூட்டியே வந்துவிட்டது. ஓடு காய்ந்து, மத்தியானத்தில் அறை இட்லிப் பானை மாதிரி இருக்கும். குழந்தை உடம்பெல்லாம் செக்கச் சிவந்து, பால் குடிப்பதையே விட்டுவிட்டது. அழுவதற்குக்கூடத் தெம்பில்லை. பார்க்க வந்த நர்சம்மா என்னைத்தான் திட்டினார்.

"இந்தப் புழுக்கத்துல வெச்சிருந்தா புள்ள தாங்காதும்மா. காத்துக்கு ஏதாச்சும் வழி பண்ணு."

அன்று சாயங்காலம் நான் யாரையும் கேட்கவில்லை. பல்பைக் கழற்றிவிட்டு, தெருப் பையன் ஒருவனிடம் சொல்லிப் பக்கத்து ரேடியோ கடையில் வாங்கிய பிளக்கை அந்த ஹோல்டரில் மாட்டி ஃபேனை ஓட விட்டேன். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் காலடிச் சத்தம். மீட்டர் சக்கரம் காட்டிக் கொடுத்துவிட்டது. வீட்டைக் காலி செய்யச் சொன்னாலும் ஃபேனை நிறுத்த மாட்டேன் என்று வாயில் நாலு வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் வாசலில் நின்று குழந்தையைப் பார்த்தார். பிறகு ஃபேனைப் பார்த்தார். உள்ளே வந்து அதைத் தூக்கி ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்தார். குழந்தைக்கு முதுகு காட்டிக்கொண்டு ஃபேன் ஊருக்குக் காற்று வீசியது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"சூட்ட வெளிய தள்ளோணும்மா" என்றார். "புளி வெச்சிருந்தப்பவே பாத்திருக்கறேன், இதுக்குள்ள ஏறுனா ஆளே வெந்து போயிரும். படிக்கதவத் தெறந்து வையி, வேப்பமரத்து நெழல்ல இருந்து காத்து தானா மேல வரும். பகல்லயும் நிறுத்தாத."

கரண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் படி வழியே காற்று ஏறி வந்தது. மறுநாள் குழந்தை பால் குடித்தான். அப்போது நான் அழுதது வேறு அழுகை.

அந்த நாட்களில்தான் ஒன்றைக் கவனித்தேன். சாயங்காலமானால் கீழ்வீடு இருட்டாக இருந்தது. ஒரு சிம்னி விளக்கு மட்டும் மினுக்மினுக்கென்று எரியும். அண்ணன் விடாமல் கேட்கும் ரேடியோ செய்தியும் இல்லை. குழந்தையைப் பார்க்க மேலே வந்த அக்காவிடம் கேட்டேன்.

"தவக்காலம் கண்ணு" என்றார் அக்கா. "ஆளுக்கொரு ஒறுத்தல் பண்ணுவோம்."

ஒறுத்தல் என்றால், ஈஸ்டர் வரைக்கும் பிடித்த ஒன்றை விட்டுவிடுவது. கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் லைட்டுப் போட மாட்டார்கள் என்று நானாக ஒரு சட்டம் எழுதிக்கொண்டேன். ஈஸ்டர் முடிந்தும் கீழே இருட்டாகவே இருந்தபோது, இவர்களுக்குப் பக்தி கொஞ்சம் ஜாஸ்தி என்று நினைத்தேன். கோடை மழை பிடித்து மச்சு குளிர்ந்து, நான் ஃபேனை நிறுத்திய பிறகுதான் அங்கே லைட்டு எரிந்தது. அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை.

ஃபேனுக்கு எவ்வளவு சேர்த்துத் தர வேண்டும் என்று கேட்டதற்கு, "பில்லு எப்பவும் போலத்தாம்மா வந்துது" என்றார் அண்ணன். அவ்வளவுதான், ஃபேன் கரண்டே சாப்பிடாது என்று தெருவெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். என் பேச்சை நம்பி எதிர்வீட்டு அம்மாள் ஒரு ஃபேன் வாங்கினார். பில் வந்த அன்று நடுத்தெருவில் நின்று என்னைக் கிழித்துவிட்டார். "உங்க மீட்டர்தாங்க கோளாறு" என்று நானும் விடாமல் சண்டை போட்டேன்.

அடுத்த வருடம் பையன் நடை பழகிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அண்ணனும் அக்காவும் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கோயிலிலிருந்து வந்தார்கள். ஓகோ, தவக்காலம் பிறந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் சாயங்காலம் கீழே எல்லா பல்பும் எரிந்தன. ரேடியோ செய்தி வாசித்தது. பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே போனேன்.

"என்னங்க்கா, தவக்காலத்துல லைட்டு எரியுது?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "லைட்டு எரியக் கூடாதுன்னு எந்தச் சாமியாரு சொன்னாரு? இந்த வருசம் உங்கண்ணன் வெத்தலைய வுட்டிருக்காரு."

"அப்ப போன வருசம்?"

அக்காவின் சிரிப்பு நின்றது. பையனை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"போன வருசம் கரண்டு மேல வேண்டியிருந்துதில்ல கண்ணு. பில்லு ஏறுனா உங்கிட்ட கேக்கோணும். கண்டக்டர் சம்பளத்துல நீ என்ன பண்ணுவ? ஃபேன நிறுத்திப்போடுவ. அதான் அந்தத் தவக்காலத்துக்கு லைட்டையும் ரேடியோவையும் வுட்டுட்டோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க்கா?"

"ஒறுத்தலச் சொல்லிக்கிட்டா பண்ணுவாங்க?" என்று ரேடியோ பக்கமிருந்து அண்ணனின் குரல் வந்தது. "புள்ள இன்னிக்கு நல்லாத்தான இருக்கறான், அந்தப் பேச்ச வுடுங்க."

போன கோடையில் மீட்டர் எதிரே அவர் எதற்காக நின்றார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மேலே ஓடும் ஃபேனுக்காகக் கீழே எந்த விளக்கை அணைக்கலாம் என்றல்லவா பார்த்திருக்கிறார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மறுநாள் காலையில் முதல் வேலையாக எதிர்வீட்டு அம்மாளிடம் போய், உங்கள் மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது என்று சொன்னேன்.

என் மகனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அறைக்கு ஒரு ஃபேன் ஓடும் அவன் வீட்டில், பில் வரும்போதெல்லாம் இந்த ஃபேன் எவ்வளவு கரண்டு சாப்பிடுகிறது என்று சலித்துக்கொள்வான். அவன் ஒருவன் பிழைப்பதற்காக இரண்டு பேர் ஒரு கோடை முழுவதும் சிம்னி வெளிச்சத்தில் சோறு தின்றார்களே, அவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொள்வேன்.