டேப் ஒட்டியது நான்தான்

மாதேஸ்வரியின் வலது கையில் இரண்டு விரல்கள் போனதற்குக் காரணம் நான். ஆறு வருடங்களாக மறைத்ததை உங்களிடம் சொல்கிறேன். முழுவதையும் கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தேன். மாதேஸ்வரி நாட்றாம்பாளையத்துக்காரி. மத்திகிரியில் இன்னும் சில பெண்களோடு ஒரே அறையில் இருந்தோம். எனக்கு அம்மை போட்டபோது மற்ற பெண்கள் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் போகவில்லை...

எங்களுக்குப் பிரஸ் மெஷினில் வேலை. தகட்டை வைத்து, கதவை மூடி, பெடலை மிதித்தால் அச்சு இறங்கும். கதவு திறந்திருந்தால் இறங்காது. அதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு.

ஒவ்வொரு தகட்டுக்கும் கதவைத் திறந்து மூட நேரமாயிற்று. நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கும் மாதம் அது. நான் பின்தங்கியிருந்தேன். அன்று காலை, சுவிட்ச் அழுந்தியே இருக்கும்படி அதன்மேல் டேப் ஒட்டினேன். கதவு திறந்திருந்தாலும் மெஷின் ஓடியது.

டீ இடைவேளையில், நான் திரும்பும்வரை என் மெஷினை ஓட்ட மாதேஸ்வரி வந்தாள். டேப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார். சொல்லாமல் போனேன். மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்... இல்லை, மறக்கவில்லை.

டீயைக் குடித்து முடிப்பதற்குள் அலறல் கேட்டது. கதவுதான் திறந்திருக்கிறதே என்று நம்பி, கோணலாக இருந்த தகட்டைச் சரிசெய்யக் கையை விட்டிருக்கிறாள். கால் பெடலில் பட்டிருக்கிறது.

விசாரணையில் மேனேஜர் கேட்டார். “டேப் ஒட்டினது யாரு?”

“தெரியாது சார். நான் போறப்ப இல்ல.”

அந்தக் கடைசி வார்த்தைகளை யார் என்னிடம் கேட்டார்கள்? தவறு அவளுடையது என்று எழுதி, அவளை ஊருக்கு அனுப்பினார்கள். என்னை நிரந்தரமாக்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒருநாள்கூட நான் போகவில்லை.

சென்ற வருடம் புதிய பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்க என்னை நியமித்தார்கள். “இதுல யாருக்காச்சும் அடிபட்டிருக்காக்கா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஒரு பொண்ணு கவனமில்லாம இருந்தா” என்றேன்.

என் வாயா அதைச் சொன்னது? அந்த ஞாயிற்றுக்கிழமை அஞ்செட்டி வழியாக நாட்றாம்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

மாதேஸ்வரி வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

“எனக்கு அன்னைக்கே தெரியும். எனக்கு முன்னாடி அந்த மெஷின்ல உன்னத் தவிர வேற யாரு இருந்தாங்க?”

“ஏன் சொல்லல?”

“ஆஸ்பத்திரிக்கு வருவ, நீயே சொல்லுவன்னு பாத்தேன்.” கொஞ்ச நேரம் புடைத்தாள். “எங்கிட்ட சொல்லி என்னா ஆவுது? எங்கப்பாகிட்ட சொல்லு. எது கீழ விழுந்தாலும், கவனமில்லாம கையைக் குடுத்துட்டு வந்தவதானேங்கறாரு.”

மாடுகளை ஓட்டிக்கொண்டு அவர் வந்தார். சொன்னேன். அடிப்பார், காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். துப்பினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகளிடம் கேட்டார்.

“ஏம்மா, ஒரு தடவ எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீ ஒரு தடவ கேட்டியாப்பா?”

அவர் மாட்டைக்கூடக் கட்டாமல், நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். என் நெஞ்சு கனம் குறையத்தான் அங்கே போனேன்... அந்தக் கனத்தை அந்தக் கிழவரின் தலையில் ஏற்றிவிட்டேனே.

மறுநாள் மேனேஜரிடமும் சொன்னேன். அவர் புதியவர். “பழசையெல்லாம் எதுக்கு கெளறுறீங்க? வேலையப் பாருங்க” என்றார்.

வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கம்பெனிக் காகிதத்தில் தவறு இன்னும் மாதேஸ்வரியின் பெயரில்தான் இருக்கிறது.