மாரிசாமி வாங்கிய வெள்ளிக் கை

மூன்று மாடிக்கு மணல் சட்டி தூக்கினாலும் மூச்சு வாங்காத ஜோதிமணிக்கு, ஆஸ்பத்திரி நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கையில் மூச்சடைத்தது. மார்டள்ளி கிராமத்திலிருந்து மைசூருக்கு வந்து பதினெட்டு வருஷமாகச் சித்தாள் வேலை. இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது, ஜாக்கெட்டுக்குள் போன் வைத்து வைத்துக் காய்ப்பு ஏறிவிட்டதென்று போனை வலப்பக்கம் மாற்றிக்கொண்டாள். அவள் பார்த்த வைத்தியம் அவ்வளவுதான்.

"போனால இல்லம்மா, கேன்சர்," என்றார் டாக்டர் லீலா. "மார்பை எடுத்தாகணும். வழக்கம்போலத் திறந்து செய்யலாம். இல்லேன்னா ரோபோ. அக்குள் பக்கம் சின்னதா கீறி, மேல்தோலை விட்டுட்டு உள்ள இருக்கறத எடுக்கலாம். தழும்பு வெளிய தெரியாது."

"அப்ப நீங்க எங்க இருப்பீங்க டாக்டரம்மா?"

"அதே ரூம்ல, மூலைல உக்காந்து அதை ஓட்டுவேன்."

ஜோதிமணி ஆடிப்போனாள். கான்கிரீட் மிஷினைக்கூட ஆள் பக்கத்தில் நின்றுதானே ஓட்டுகிறான்!

"எதுலீங்க கை தலைக்கு மேல தூக்க வரும்? சட்டி புடிக்கோணும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டுலயும் பயிற்சி செஞ்சாத்தான் வரும். பாரம் தூக்கறதை அப்புறம் பாக்கலாம்."

"அப்ப நீங்களே கிட்ட நின்னு அறுத்துருங்க."

புருஷன் மாரிசாமி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். மார்பு என்ற சொல் அவன் வாயில் வரவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். குனிந்து பார்த்தாள். பூசி மட்டம் அடித்த சுவர்போல இருந்தது. குறுக்கே நீளமாகத் தையல்.

அந்நேரம் பார்த்து மாரிசாமி அக்ரஹாரத்து வெள்ளிக் கடையிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தான். எந்த உறுப்புக்கு நோவோ, அதை வெள்ளித் தகட்டில் மாரியம்மனுக்குப் போடுவது வழக்கம். பிரித்தாள். உள்ளே ஒரு கை.

"ஏனுங்க, கட்டி எனக்குக் கையிலயா இருந்துச்சு?"

"கடை நெறையப் பொம்பளைங்க நின்னாங்க புள்ள. கேக்க வாய் வரல. கடைக்காரன் வேற 'பேக பேக'ன்னு அவசரப்படுத்துனான்."

"ஆத்தா கொழம்பிருவா!"

"நீயும் டாக்டரம்மாகிட்டக் கையத்தான கேட்ட?"

பதினெட்டு வருஷத்தில் இந்த மனுஷன் தன் பேச்சைக் காதில் வாங்குவான் என்று அவள் நினைத்ததே இல்லை. அடிக்கக் கை ஓங்கினாள். ஆபரேஷனுக்குப் பிறகு இடுப்புக்கு மேல் ஏறாத இடது கை. தோள் உயரம்வரை ஏறி, சுரீரென்று வலித்து நின்றது.

இருவரும் வாய் பிளந்து அந்தக் கையையே பார்த்தார்கள்.