வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் காபி

என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியவர் கெட்டவர் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். கேட்கிறவர்கள் எல்லோரும் எடுத்த எடுப்பில் என் கணவரைத்தான் திட்டுகிறார்கள். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாகக் குவார்ட்டர்ஸ் வாசம். காலை ஏழே காலுக்கு வெளியே கிரில் கதவில் பூட்டுப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவார். நான் உள்ளே இருப்பேன். என் நாற்பத்தெட்டாவது வயதில் எட்டு மாதம் இப்படிப் போயிற்று.

எல்லாம் அசதியில் தொடங்கியது. ஒன்பது மணி நேரம் தூங்கினாலும் ராத்திரி முழுக்க மூட்டை தூக்கியவள் போலத்தான் எழுந்திருப்பேன். கும்பகர்ணனுக்காவது ஆறு மாதம் விழிப்பு உண்டு, எனக்கு அதுவும் இல்லை. தைராய்டு குறைவு என்று டாக்டரம்மா கண்டுபிடித்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட நான் தவறவிட்டதில்லை. ஆனாலும் ஒவ்வொரு பரிசோதனையிலும் ஏறக் கூடாத எண் ஏறியே வந்தது, மாத்திரையின் அளவும் கூடவே ஏறியது.

"ஒழுங்கா போடறீங்களாம்மா?" என்று டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார். சாமி சத்தியமாகப் போடுகிறேன் என்பேன். நம்பாத பார்வை ஒன்று பார்த்துவிட்டு எழுதுவார்.

பிறகு மறதி வந்தது. குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு நான் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புக் கணக்கொன்றைப் பாதி போட்டுவிட்டு, அடுத்த வரி தெரியாமல் நின்றேன். பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதம் முடிவதற்குள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். இன்னொரு நாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். பாத்திரம் தீய்ந்து, வீடெல்லாம் புகை. கடைசியாக, மார்க்கெட்டிலிருந்து திரும்பி வேறொரு பிளாக்கின் மாடியேறி, யார் வீட்டுக் கதவையோ தட்டி, இது என் வீடு என்று அவர்களோடு சண்டை போட்டேன். அந்தக் கட்டடங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைதான். ஆனால் சண்டை போட்டது நான் ஒருத்திதான்.

என் அம்மா கடைசிக் காலத்தில் என்னைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டவள். அதனால் இவர் பூட்டு வாங்கி வந்தபோது நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அம்மா போன வழியில்தான் நானும் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

ஒரு நாள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்க இவர் ஆள் சொல்லியிருந்தார். சொன்னவரே பழக்க தோஷத்தில் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். தோளில் பெட்டியோடு படியேறி வந்தார்.

"அக்கா, பிளட் எடுக்க வந்துகீறேன். கதவத் தொற."

"சாவி அவர்கிட்ட இருக்கு."

அவர் பூட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இன்னாக்கா இது? ஆள உள்ள வெச்சிகினு வெளிய பூட்டிகினு போய்க்கீறாரு?"

"மறந்துட்டார்" என்றேன். நாக்கு கூசியது.

"சரி, கைய இப்டி வுடு."

கிரில் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினேன். அவர் வெளியே மண்டியிட்டு, என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார். எதிர்வீட்டு அம்மா பால் பாக்கெட்டோடு நின்று பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே போனார். செத்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

"எத்னா துன்னியா?"

"பச்சைத் தண்ணி பல்லுல படல. காபி மட்டும்தான்."

அவர் கை அப்படியே நின்றது. "காபி குச்சிட்டு வெறும் வயிறுன்றியே! தைராய்டு மாத்தர?"

"போட்டாச்சு. காபியோடதான் போடுவேன்."

"டெய்லியுமா?"

"மூணு வருஷமா."

தலையில் அடித்துக்கொண்டார். "என் ஊட்டம்மாவும் இதத்தான்க்கா பண்ணிச்சி. காபியோட போனா மாத்தர ஒடம்புல சேராது. வெறும் தண்ணில போட்டு ஒரு மணி நேரம் வாய மூடிகினு கெட. டாக்டராண்ட மறக்காம சொல்லு. சுகர் டெஸ்ட்டுக்கு நாளிக்கி வரேன், இப்ப தைராய்டுக்கு மட்டும் எடுத்துகினு போறேன்."

எங்கள் வீட்டில் காபியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததில்லை. கிருத்திகை விரதத்தன்றுகூட இரண்டு டம்ளர் உள்ளே போகும், விரதம் கெட்டது என்று யாரும் சொன்னதில்லை. இட்லி இறங்காத வரைக்கும் எனக்கு அது வெறும் வயிறுதான். போதாக்குறைக்கு, முட்டி வலிக்குத் தந்த கால்சியம் மாத்திரையையும் அதே வாயில் போட்டு விழுங்கிக்கொண்டிருந்தேன். ஒரேயடியாக வேலை முடியட்டும் என்று. இவரோடு டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அந்த ஆள் சொன்னது சரிதான், கால்சியத்தையும் நாலு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும் என்றார். "யாரும் உங்களுக்குச் சொல்லலையா?" என்றும் கேட்டார். நீங்கள்தான் சொல்லவில்லை என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

இரண்டு மாதத்தில் தலைக்குள் இருந்த புகை கலையத் தொடங்கியது. தூங்கி எழுந்தால் தூங்கி எழுந்தது போலவே இருந்தது. அப்போதுதான் பூட்டு உறைத்தது. அதுவரை பகலெல்லாம் தூங்கியே கழித்திருந்தேன். இப்போது காலை பதினோரு மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி மாடிப்படியைப் பார்த்து நிற்பேன். சாவி கேட்டால், "இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்மா" என்பார் இவர். ஆத்திரம் ஆத்திரமாக வரும். கத்தினால் அதற்கும் ஏதாவது வியாதிப் பெயர் வைப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் மாத ரிப்போர்ட் சரியாக வந்தது. இவர் சாவியை என் கையில் வைத்துவிட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

மறுநாளே தனியாக மார்க்கெட்டுக்குப் போனேன். கீரை வாங்கினேன், வேண்டாத ஒரு பிளாஸ்டிக் கூடையும் வாங்கினேன். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

"எங்கம்மா எறங்கணும்?" என்றார் டிரைவர்.

ஸ்டாப்பின் பெயர் வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக இறங்குகிற ஸ்டாப். நாலைந்து நொடிதான் இருக்கும், முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. பிறகு வந்தது. சொன்னேன், இறங்கினேன், சரியான மாடிதான் ஏறினேன்.

சாயங்காலம் வந்ததும், "ஒண்ணும் கஷ்டமில்லையே?" என்று இவர் கேட்டார். இல்லை என்றேன். இன்றுவரை அதை அவரிடம் சொல்லவில்லை. மறதி யாருக்குத்தான் இல்லை? வாரத்தில் இரண்டு நாள் ஹெல்மெட்டை மறந்துவிட்டு இவர் பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறார். வரும்போதே சிரித்துக்கொண்டு வருகிறார். நானும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுக்கிறேன்.