கடற்கரையில் தொலைந்த தாடிக்காரர்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில்தான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது. கைபேசியில் ஸ்பானிஷ் பாடம்: ஆட்களை வர்ணிப்பது. அதிலிருந்த பொம்மைப் படங்கள் எதற்கு? வண்டி நிறைய ஆட்கள் இருக்கிறார்களே! நடத்துநர் ‘ஆல்தோ’, உயரம். முன்சீட்டுக்காரர் ‘கால்வோ’, வழுக்கை. ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்ட அம்மா ‘தெர்கா’, பிடிவாதக்காரி. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் யாரையும் மிச்சம் வைக்கவில்லை.

அன்றிலிருந்து மாமல்லபுரத்தில் மச்சானின் சங்குக் கடையிலும் இதே வேலை. மச்சான் என் மாமா பையன், சும்மா விடுவானா?

“இன்னாடா, வர்றவன் போறவனையெல்லாம் நெட்ட, குட்டன்னுகினு கீற? அதுக்கு எதுக்குடா ஸ்பானிஷு? தமிழ்லயே சொல்லி ஒத வாங்கேன்!”

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைக்காரப் பெண் அழாத குறையாகக் கடைக்குள் ஓடி வந்தாள். ‘பாத்ரே’ என்றாள். அட, ஸ்பானிஷ்! அப்பா. கடற்கரைக் கோயில் கூட்டத்தில் அவரைத் தவறவிட்டிருக்கிறாள். அவரிடம் கைபேசி இல்லை. மதியம் போட வேண்டிய இதய மாத்திரை இவள் பையில்.

ஆள் தொலைந்தால் நம்மூரில் முதலில் என்ன கேட்போம்? எந்த ஊரு, யாரு வூடு? பழக்கதோஷத்தில் நானும் எந்த ஊர் என்றேன். ஏதோ ஊர் சொன்னாள். அதை வைத்து இங்கே யாரைத் தேடுவது!

“கோமோ எஸ்?” என்று மாற்றிக் கேட்டேன். ஆள் எப்படி? உயரம், ஒல்லி, வெள்ளைத் தாடி. எல்லாமே புரிந்தது! அவளையும் கூட்டிக்கொண்டு இளநீர்க்கார அக்காவிடம் ஓடினேன்.

“வெள்ளக்காரங்கள்ல பாதிப் பேரு அப்டித்தான்பா கீறாங்க. இங்கியே ரெண்டு பேரு குடிச்சுகினு கீறாங்க, பாரு.”

இரண்டு பேரும் அப்பா இல்லை என்று மகள் தலையாட்டினாள். கடைக்குத் திரும்பினோம். உருவம் கைகொடுக்கவில்லை, பாடத்தின் மறுபாதி இருக்கிறதே, குணம்! கேட்டேன். ஒரு நொடி யோசித்தாள். “த்ரபஹதோர்!” உழைப்பாளி. சும்மா உட்காரவே மாட்டார் என்று கையை ஆட்டிக் காட்டினாள்.

“மச்சான், இந்நேரத்துக்குக் கரையில எங்கடா வேல நடக்கும்?”

“கரவலை இழுத்துகினு இருப்பாங்க.”

மூவரும் மணலில் ஓடினோம். மீனவர்கள் வரிசையில், கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, தாடி காற்றில் பறக்கக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார் அப்பா! மகள் திட்டிக்கொண்டே மாத்திரையை அவர் வாயில் போட்டாள்.

“உங்க ஆளா அண்ணாத்த?” என்றார் பக்கத்தில் இழுத்தவர். “வலை ஏறினதும் அனுப்பறோம். நல்லா இழுக்கறாரு.”

மச்சான் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். “இன்னொரு தபா சொல்லுடா, அந்த உழைப்பாளி வார்த்தய.”

நாளைக் காலை அப்பாவையும் மகளையும் அர்ஜுனன் தபசு பார்க்கக் கூட்டிப்போகிறேன். அந்தப் பாறைச் சிற்பத்தில் தவசி வேஷம் போட்டு நிற்கும் பூனையையும், அதை நம்பிக் கும்பிடும் எலிகளையும் ஸ்பானிஷில் வர்ணிக்க வேண்டும். உருவத்துக்குச் சொற்கள் தயார். பூனையின் குணத்துக்குத்தான் இரண்டு, மூன்று தேவைப்படும்.