ஜெனியை யார் எழுப்புவது?

நாளை காலை ஜெனிக்கு டான்சில் ஆபரேஷன். தகவல் தந்தது ஜெனியேதான். ஆறு வயது, காந்திகிராமத்திலிருந்து திண்டுக்கல் வரும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்.

"மயக்க ஊசி போட்டா தூங்கிருவேனாம். பயமா இருக்கும்மா."

"புயல் அடிச்சப்பகூட ஏசப்பா படகுல எம்புட்டு நிம்மதியாத் தூங்குனாரு! நீயும் அப்பிடித் தூங்கு, செல்லம்."

ஜெனி அம்மா பக்கம் திரும்பினாள்.

"அவரைச் சீஷருங்க எழுப்புனாங்க. என்னைய யாரு எழுப்புவா?"

"நான்தான்."

"உன்னையத்தான் உள்ள விட மாட்டாங்களே!"

அவள் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டர் எழுப்புவாரும்மா" என்றேன்.

"அவரு மறந்துட்டா?"

இறங்கும்போது அவள் அம்மாவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

நாளை மதியத்துக்குள் கண் விழித்துவிடுவாள் என்கிறார் அம்மா. இன்று இரவு சொல்ல வேறு பைபிள் கதை இருந்தால் எழுதுங்கள், அவருக்கு அனுப்புகிறேன்.

யவீருவின் மகளை இயேசு எழுப்பிய கதை மட்டும் வேண்டாம். அந்தப் பிள்ளை செத்துப்போயிருந்தது.