அமெரிக்காக்காரம்மாவின் வாழைப்பழம்

திருச்சுழி பஸ் கிளம்ப இன்னும் நேரமிருக்கிறது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், தள்ளுவண்டியில் பழம் விற்கிற அம்மாவிடம், "ஒரு சீப்பு வாழைப்பழம் குடுங்க" என்கிறேன். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருக்கும் அவர் சட்டென்று நிமிர்கிறார்.

"இன்னொருக்கா சொல்லுங்க."

சொல்கிறேன்.

"டிவியில டாக்டரா வர்ற அமெரிக்காக்காரம்மா மாதிரியே பேசுறீகளே! எங்களுக்கெல்லாம் வாளப்பளம்னுதான் வருது. அவுகளுக்கு எம்புட்டு அளகா வருது!"

அந்த நடிகையின் கதை முழுக்க அவருக்குத் தெரிகிறது. "மொதல்ல பேய்ப் படத்துல கத்துற பிள்ளையா வந்தாக. பெறகு துப்பாக்கி தூக்குன போலீசு. சினிமாவுல மார்க்கெட் போகவும் சீரியலுக்கு வந்துட்டாக. இப்பத்தான் நடிப்பே நல்லாருக்கு."

அந்தப் பேய்ப் படக் கத்தல் என்னுடையது. தொண்டை கட்டிக் கஞ்சி குடித்துக் கிடந்தேன். திரையில் என் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. இன்றைக்கு விடுவதாக இல்லை.

"அவங்களுக்குத் தமிழ்ல குரல் குடுக்குறது நான்தாங்க."

அவர் பக்கத்துப் பூக்காரம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார். "அவுக வாய் அசையுறத நான் பாக்குறேன்ல?"

எனக்கு ரோஷம் வந்துவிடுகிறது. பஸ் ஸ்டாண்ட் என்றும் பாராமல் டாக்டர் குரலில் அதட்டுகிறேன்: "கண்ணைத் திற! உன்னைச் சாக விடமாட்டேன்!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பழக்காரம்மா கைதட்டி, சீப்போடு இரண்டு பழத்தைக் கூடுதலாகத் திணிக்கிறார்.

"அச்சு அசல் அவுகளேதான். கடைசியிலதான் லேசா இளுக்குறீக. தெனமும் அவுக பேசுறதக் கவனிங்க, சரியாயிரும்."